ஏரான் நாற்காலி: வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு ஏரான் நாற்காலிகள் இருக்கின்றன. ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க கம்பெனி A, B, C என்று மூன்று அளவுகளில் செய்யும் ஆபீஸ் நாற்காலி இது, புதிதாக வாங்கினால் விலை லட்சத்தைத் தாண்டும். என்னுடையது புதிதாக வாங்கிய A அளவு, வீட்டுக்காரருடையது செகண்ட் ஹேண்டில் எடுத்த B அளவு. நான் திருச்சியில் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன், அதாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தில் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள், சொந்தக்காரர்கள், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் என்று நிறைய பேர் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். இந்த நாற்காலியைப் பற்றி நான் கேட்கும் புகார்களில் பெரும்பாலானவை அளவு தப்பாகப் போனதாலோ மேசையின் உயரத்தைக் கவனிக்காததாலோ வருபவை, அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாற்காலிக்கு லட்ச ரூபாயா? அப்படி என்ன இருக்கிறது அதில்?

பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் என்ற இருவர் வடிவமைத்து 1994இல் வந்தது இது. அதற்கு முன்பு அவர்கள் இருவரும் வயதானவர்கள் நாள் முழுக்கச் சாய்ந்து உட்காரும் நாற்காலிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஸ்பாஞ்ச் மெத்தையில் உடம்புச் சூடு தேங்கி நிற்பதையும், அசையாமல் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் வருவதையும் அங்கே பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்த யோசனைதான் ஸ்பாஞ்சை மொத்தமாக எடுத்துவிட்டுச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் ஆளை உட்கார வைப்பது. இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் வலை முதுகு வைத்த ஆபீஸ் சேர்தான் கண்ணில் படும், ஆனால் அன்றைக்கு அது விசித்திரமாகத் தெரிந்தது. நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் இதைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

அருங்காட்சியகத்தில் இருப்பதால் நம் இடுப்புக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, சரி. காசு எங்கே போகிறது என்றால், வலையிலும் சாயும் இயந்திரத்திலும் வாரண்டியிலும் போகிறது. 12 வருட வாரண்டி, சக்கரம், உயரத்தை ஏற்றி இறக்கும் சிலிண்டர், வலை எல்லாம் சேர்த்து. லட்சத்து இருபதாயிரம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்குப் பத்தாயிரம். முன்பு நான் வாங்கிய சாதாரண ஆபீஸ் நாற்காலிகளில் ஸ்பாஞ்ச் அமுங்கி அடியில் இருக்கும் பலகை தட்டுப்பட ஆரம்பித்தவுடன் வேறு தேட வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். மெயில் பார்க்கவும் பில் கட்டவும் தினம் ஒரு மணி நேரம் உட்காருகிறவர்கள் தயவுசெய்து இந்தக் காசைச் செலவழிக்காதீர்கள், அதற்கு ஏழெட்டாயிரத்தில் நல்ல நாற்காலியே போதும்.

A, B, C மூன்றில் எனக்கு எது?

இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஏரானில் உட்காரும் பகுதியின் ஆழத்தை மாற்ற முடியாது. ஸ்டீல்கேஸ் லீப் மாதிரி நாற்காலிகளில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், இதில் அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் மூன்று அளவுகளில் செய்கிறார்கள். ஏறக்குறையச் சொன்னால், ஐந்தே கால் அடிக்குக் கீழே உள்ளவர்களுக்கு A, அதிலிருந்து ஆறடி வரை B, அதற்கு மேல் உயரமோ நல்ல பருமனோ இருந்தால் C. A அளவு 136 கிலோ வரையும் மற்ற இரண்டும் 159 கிலோ வரையும் தாங்கும்.

உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒரே உயரத்தில் இருப்பவர்களுக்கும் தொடை நீளம் வேறுபடும். முதுகு முழுக்க ஒட்டும்படி பின்னால் தள்ளி உட்காருங்கள். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விரல் நுழையவில்லை என்றால் நாற்காலி பெரிது, விளிம்பு நரம்பை அழுத்திக் கால் மரத்துப்போகும், அதைத் தவிர்க்க நீங்களே முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள், அப்புறம் முதுகுக்கு எந்தத் தாங்கலும் இருக்காது. நான்கு விரலுக்கு மேல் போனால் சிறிது.

நான் விசாரித்தபோது ஒரு டீலர், “B எல்லாருக்கும் சரியா வரும் மேடம், அதான் ஸ்டாக்கில் இருக்கு” என்றார். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். B-யில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் ஒரு விரல்கூட நுழையவில்லை, குதிகாலும் தரையைத் தொடவில்லை. A வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி வரவழைக்கச் சொன்னேன், தாமதமாக வந்தாலும் வந்தது. நம் ஊரில் பெண்கள் பலருக்கும் A தான் பொருந்தும், கடையில் நிற்பதோ B. ஸ்டாக்கில் இருப்பதற்காக வாங்கிவிடாதீர்கள். என் தம்பி ஆறடிக்கு மேல், அவன் B-யில் உட்கார்ந்தால் தொடையில் பாதி வெளியே நிற்கும், C-யில் கச்சிதமாக இருக்கிறது.

வீட்டில் இருக்கும் நாற்காலி எந்த அளவு என்று தெரிய வேண்டுமானால் முதுகுப் பகுதியின் மேல் விளிம்பைப் பின்பக்கமாகத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் கையில் தட்டுப்படும். ஒன்று என்றால் A, இரண்டு B, மூன்று C.

சம்மணம் போட்டு உட்காரலாமா?

முடியாது. என்னிடம் கேட்டவர்களில் சிலர் இந்த ஒரு பதிலைக் கேட்டுவிட்டே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், அது சரியான முடிவுதான். இருக்கையைச் சுற்றி வலையைப் பிடித்திருக்கும் சட்டம் கெட்டிப் பிளாஸ்டிக். காலை மடக்கி மேலே வைத்தால் கணுக்கால் எலும்பு நேராக அந்தச் சட்டத்தில் போய் உட்காரும், கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்தால் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். ஒரு காலை மட்டும் மடித்து அதன்மேல் உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதை. இந்த நாற்காலி இரண்டு காலும் தரையில் இருக்கிறவருக்காகச் செய்தது. நம்மில் பாதிப் பேர் சினிமா தியேட்டரில்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே வைக்கிறவர்கள். அந்தப் பழக்கத்தை விட மனமில்லை என்றால் விளிம்பும் மெத்தையாக இருக்கும் அகலமான நாற்காலி வாங்குங்கள், சந்தோஷமாக இருப்பீர்கள்.

நான் என்ன செய்கிறேன் என்றால், மதியச் சாப்பாட்டுக்கும் போன் பேசுவதற்கும் தரையில் பாய் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நாற்காலி வேலைக்கு மட்டும்.

முதுகுவலி போய்விடுமா?

வலிக்கு மருந்தாக இதை யாரும் வாங்க வேண்டாம். எனக்கு இடுப்பில் சாயங்காலம் வரும் பிடிப்பு நன்றாகக் குறைந்தது உண்மை. அதே சமயம் மேசையை மாற்றினேன், அடிக்கடி எழுந்து நடக்கவும் ஆரம்பித்தேன், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்குக் கழுத்துவலி அப்படியேதான் இருந்தது, லேப்டாப்பைக் குனிந்து பார்ப்பதை நிறுத்திய பிறகுதான் குறைந்தது. அதற்கு நாற்காலி எதுவும் செய்ய முடியாது.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பின்னால் சாய்ந்து முதுகுக்குத் தாங்கல் கொடுத்து உட்காரும்போது முதுகெலும்பு வட்டுகளின்மீது அழுத்தம் குறைகிறது என்பதை சுவீடன் மருத்துவர்கள் 1970களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். விறைப்பாக நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டுத் தாராளமாகச் சாயுங்கள். ஏரானின் பலமே அந்தச் சாய்வுதான். அதில் நேராகக் குச்சி மாதிரி உட்கார்ந்திருந்தால் கொடுத்த காசில் பாதி வீண்.

வலி காலுக்கு இறங்குகிறது, கால் மரத்துப்போகிறது, பலம் குறைகிறது என்றால் நாற்காலிக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கழிப்பதில் சிக்கல் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

நாற்காலி வந்துவிட்டது, ஆனால் தோள் வலிக்கிறது. ஏன்?

மேசையை அளந்து பாருங்கள். நம் ஊரில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி உயரம். ஷூ போட்ட உயரமான ஆளுக்குச் சரி. நாம் வீட்டில் வெறுங்காலோடு உட்காருகிறோம். என் உயரத்துக்குப் பாதம் தரையில் படியும்படி உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. மேசை அதற்கு அரை அடி மேலே. கீபோர்டைத் தொடத் தோளைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், எட்டு மணி நேரம் தூக்கி வைத்திருந்தால் எந்தத் தோளும் வலிக்கத்தான் செய்யும்.

உடனே எல்லாரும் செய்வது நாற்காலியை உயர்த்துவது. உயர்த்தினால் கை சரியாகிவிடும், கால் தொங்கும். தொங்கினால் தொடையின் அடியில் அழுத்தம். ஆகவே உயர்த்தினால் காலுக்கு அடியில் பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் மேசையைத் தாழ்த்த வேண்டும்.

நான் மேசையைத் தாழ்த்தினேன். பழைய மர மேசை, ஆசாரியைக் கூப்பிட்டு நான்கு காலிலும் நான்கு அங்குலம் அறுக்கச் சொன்னேன். அவர் ஒரு காலை அறுத்து, அந்தத் துண்டையே அளவாக வைத்து மற்ற மூன்றையும் அறுத்தார், அதனால் ஆட்டம் இல்லாமல் நிற்கிறது. அறுத்த இடத்தில் ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்தார். மீதி இருந்த கொஞ்ச வித்தியாசத்துக்கு ஒரு மெல்லிய மனைப்பலகை. லட்ச ரூபாய் நாற்காலியில் வராத சுகம் அந்த அறுப்பில் வந்தது. மேசையில் கைவைக்க மனமில்லாதவர்கள் கீபோர்டுக்கு அடியில் இழுக்கும் தட்டு வைக்கலாம், வீட்டுக்காரர் அப்படியே விட்டுவிட்டுக் கால்பலகையோடு சமாளிக்கிறார்.

லேப்டாப் மட்டும் வைத்திருப்பவர்கள் அதைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றித் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், தனிக் கீபோர்டும் மௌஸும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

நிறைய லீவர் இருக்கிறதே, எதை எப்படி வைப்பது?

முதலில் உயரம். பாதம் முழுதாகத் தரையில், தொடை ஏறத்தாழத் தரைக்கு இணையாக. அப்புறம் சாய்வின் இறுக்கம், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் திருகைத் திருப்பினால் உடனே ஒன்றும் தெரியாது, பல சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு “இது வேலை செய்யலை” என்று விட்டுவிடுகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தபடி கொஞ்சம் சுற்றுவது, சாய்ந்து பார்ப்பது, மறுபடி சுற்றுவது என்று பொறுமையாகச் செய்யுங்கள். காலால் தள்ளாமல் மெதுவாகச் சாய முடிய வேண்டும், சாய்ந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும், பின்னால் விழுவது போலவும் இருக்கக் கூடாது, முன்னால் தூக்கி எறிவது போலவும் இருக்கக் கூடாது. அந்த இடம் கிடைத்துவிட்டால் அதன்பின் நீங்கள் திருகைத் தொடவே மாட்டீர்கள்.

இடுப்புத் தாங்கல் அடுத்தது. 2016க்குப் பிறகு வந்த மாடலில் பெரும்பாலும் இரண்டு சின்னத் தட்டுகள் இருக்கும், ஒன்று இடுப்பெலும்புக்கு மேலே, ஒன்று அதற்கும் கீழே. முதல் சில நாள் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருக்கும். முழுக்கத் தளர்த்தி வைத்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கைப்பிடி கடைசியில். தோளைத் தளர விட்டு முழங்கை எங்கே நிற்கிறதோ அங்கே வையுங்கள், மேசையில் முட்டினால் கீழே இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இதை ஆடாமல் பூட்டி வைக்க முடியாது. எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதற்குத்தான் தடுப்பு உண்டு. சாய்த்துப் பூட்டிவிட்டுத் தூங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்.

வெயில் காலத்தில் எப்படி?

அருமை. திருச்சி மே மாதத்தில் கரண்ட் போன மதியத்தில்கூட முதுகும் தொடையும் நனையவில்லை. தாலுகா ஆபீஸ்களில் பிரம்பு பின்னிய பழைய நாற்காலிகள் இருந்தனவே, அதே தத்துவம்தான், ஃபேன் காற்று அடியிலிருந்தும் வருகிறது. ஏசி அறையில் முதுகு சில்லிடும், துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலை சாய்க்க ஹெட்ரெஸ்ட் இல்லையே?

இல்லை, கம்பெனி இதற்கு ஹெட்ரெஸ்ட் செய்வதும் இல்லை. வேறு ஆட்கள் செய்து விற்கிறார்கள். எனக்குத் தேவைப்படவில்லை, வேலை செய்யும்போது தலை முன்னால்தானே இருக்கிறது. அதிகம் சாய்ந்து மீட்டிங் கேட்பவர்கள், கழுத்தில் பிரச்சினை இருப்பவர்கள் முதலிலேயே ஹெட்ரெஸ்டோடு வரும் வேறு நாற்காலியைப் பார்ப்பது நல்லது.

வலை துணியைத் தின்றுவிடும் என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை. வலை கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் ஒரே பேன்ட்டைத் தினம் போட்டு உட்கார்ந்தால் பின்பக்கம் தேயும், மெல்லிய லெகிங்ஸில் நூல் உருண்டைகள் வரும். காட்டன் சுடிதாருக்கும் லுங்கிக்கும் எனக்குத் தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு, ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் உள்ள உலோகக் குமிழும் சாவிக்கொத்தும் வலையைக் குத்தும். வலையைத் தனியாகத் தைக்கவோ ஒட்டவோ முடியாது, சட்டத்தோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், அந்தச் செலவு பெரிது. வீட்டில் பூனை இருந்தால் யோசியுங்கள், நகம் தீட்ட இதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது.

துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கும், எல்லாச் சக்கர நாற்காலிக்கும் உள்ளதுதான். உட்காரும்போது எடுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது?

வலையின் துளைகளில் தூசி சேரும். வாரம் ஒருமுறை பிரஷ், எப்போதாவது சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. சக்கரத்தில் தலைமுடி சுற்றியிருக்கும், நாற்காலியைக் கவிழ்த்துக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். டைல்ஸ் தரை என்றால் மென்மையான தரைக்கென்று தனியாக உள்ள சக்கரத்தை ஆர்டர் செய்யும்போதே கேளுங்கள். கார்ப்பெட்டுக்கான கெட்டிச் சக்கரம் வந்துவிட்டால் சத்தமும் போடும், கீறலும் விழும்.

செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா?

தாராளமாக. வீட்டுக்காரருடையது பெங்களூரில் ஒரு ஆபீஸ் காலி செய்தபோது விற்ற நாற்காலி, புது விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது. ஐடி கம்பெனிகள் இடம் மாறும்போதும் மூடும்போதும் இவை மொத்தமாக வெளியே வரும். 2000, 2001 வாக்கில் அமெரிக்காவில் டாட்காம் என்று சொல்லப்பட்ட இணையக் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோதும் இதேதான் நடந்தது, பண மிதப்பில் வாங்கிக் குவித்த ஏரான்கள் ஏலத்துக்கு வந்தன. வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

நாற்காலியைக் கவிழ்த்து இருக்கையின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். தயாரித்த தேதி அதில் இருக்கும், லேபிளே இல்லை என்றால் போலியாக இருக்கலாம். 2016இல் வலை, சாயும் இயந்திரம், இடுப்புத் தாங்கல் மூன்றையும் மாற்றி அமைத்தார்கள். அதற்கு முந்தைய மாடலும் நல்ல மாடல்தான், விலையில் அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நான்கு ஓரமும் பாருங்கள், சட்டத்தோடு சேரும் இடத்தில்தான் பிரிய ஆரம்பிக்கும். உயரத்தை முழுக்க ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், மெதுவாக இறங்கினால் சிலிண்டர் போய்விட்டது. சிலிண்டரை மாற்றலாம், பைப் ரெஞ்சும் சுத்தியலும் பலமான கையும் வேண்டும். கைப்பிடியைப் பூட்டிவிட்டு மேலிருந்து அழுத்துங்கள், பழைய மாடல்களில் வழுக்கி இறங்கும். சாய்ந்து சாய்ந்து எழுந்து சத்தம் கேட்டுப் பாருங்கள்.

வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். “இன்னும் ஏழு வருஷம் வாரண்டி இருக்கு” என்று விற்பவர் சொன்னால் அதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். A அளவு செகண்ட் ஹேண்டில் அபூர்வமாகத்தான் வரும், நான் தேடி அலுத்துத்தான் புதிது வாங்கினேன்.

எம்பாடி, லீப் இவற்றோடு ஒப்பிட்டால்?

எம்பாடியும் இதே கம்பெனிதான், 2008இல் வந்தது, இருக்கை ஆழத்தை மாற்றலாம், விலை இன்னும் அதிகம். லீப் ஸ்பாஞ்ச் வைத்தது, காலை அப்படி இப்படி வைத்து உட்காருபவர்களுக்கு ஏரானைவிட அது ஒத்துப்போகும். ஆனால் நம் சூட்டுக்கு வலைதான் என்பது என் முடிவு.

பிள்ளைகள் படிக்க உட்காரலாமா?

வளரும் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆழம் மாறாத நாற்காலி, வருடா வருடம் நீளும் கால். முன்னால் நுனியில் உட்கார்ந்து கூன் போடுவார்கள்.

வாங்குவதற்கு முன் எங்கே உட்கார்ந்து பார்ப்பது?

சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் டீலர் கடைகள் இருக்கின்றன. போன் செய்து உங்கள் அளவு அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லை என்றால், இந்த நாற்காலி போட்டிருக்கும் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருப்பார், ஒரு மதியம் அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லா நாற்காலியும் நன்றாகத்தான் இருக்கும், லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் அரை மணி நேரமாவது நிஜ வேலை செய்யுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வீட்டில் வெறுங்காலோடு உட்காருபவர் கடையிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். வீட்டு மேசையின் உயரத்தை முதல் நாளே அளந்து எழுதிக்கொண்டு, ஒரு இன்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு போங்கள்.